ஐம்பது பாட்டிலும் ஒரு கெக்கும்

நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பீர் பாட்டில்களில் இருபத்து நாலை மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் போன மாதம் கொடுத்துவிட்டேன். புதிதாக பீர் காய்ச்ச ஆரம்பித்திருக்கும் ஒரு காலேஜ் பையன் வந்து காரின் பின்சீட் முழுக்க அடுக்கி எடுத்துப் போனான். கெக்குக்கு, அதாவது ஒரு ஈட்டு பீரையும் மொத்தமாக அடைத்து வைத்துக் குழாயில் பிடித்துக் குடிக்கும் ஸ்டீல் பாத்திரத்துக்கு மாறி ஒரு வருடம் ஆகிவிட்டது. எப்படி மாறினீர்கள், எவ்வளவு செலவு, என்ன சிக்கல் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மினியாபொலிஸ் பக்கத்தில். நான் ஒரு ஈட்டுக்கு 5 கேலன், அதாவது கிட்டத்தட்ட 19 லிட்டர் காய்ச்சுவேன். காய்ச்சும் நாள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) ஊறும்போது வீடு முழுக்க ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வரும், அதற்காகவே காய்ச்சலாம். பாட்டிலில் அடைக்கும் நாள்தான் ஆளைக் கொன்றுவிடும். 355 மில்லி பாட்டில் என்றால் ஒரு ஈட்டுக்கு ஐம்பது வேண்டும். ஒவ்வொன்றையும் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அடியில் காய்ந்த மண்டி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்து, 120 கிராம் சர்க்கரையைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்து, நிரப்பி, மூடி வைத்து, அந்த இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி அழுத்தி, கடைசிப் பாட்டில் முடியும்போது உள்ளங்கை சிவந்திருக்கும். நாலு மணி நேரம். அதற்கப்புறம் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று பீரில் வாயு ஏற 21 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், எங்கள் பேஸ்மென்ட் குளிர்காலத்தில் 16-ஐத் தாண்டாது என்பதால் ஒரு மாதம் கூட ஆகும். இந்த நாலு மணி நேரத்துக்குப் பயந்து நொதித்து முடிந்த பீரை வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைத்ததும் உண்டு.

இருந்தாலும் நான் மாறியதற்குக் காரணம் வேலைப்பளு இல்லை. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் என்ற பூவை அள்ளிப் போட்டு ஐபிஏ என்ற வகை பீர் ஒன்று செய்திருந்தேன், மாம்பழச் சாறு நிறத்தில், மூடியைத் திறந்தாலே ஆரஞ்சுத் தோல் வாசனை தூக்கும். பாட்டிலில் அடைத்து மூன்றாவது வாரம் ஊற்றிப் பார்த்தால் நிறம் மங்கிப் பழுப்பாகிக் கிடக்கிறது, வாசனை போய் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை. நிரப்பும்போது உள்ளே போகிற காற்றுதான் காரணம். பாட்டிலில் இருக்கும் ஈஸ்ட் கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடும், ஆனால் அவ்வளவு ஹாப்ஸ் போட்ட பீருக்கு அது போதாது. அந்த ஈட்டைப் பாதிக்கு மேல் சிங்க்கில் கொட்டினேன். மனசு ஆறவே இல்லை.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் கெக் பெரும்பாலும் கார்னி கெக்தான், கார்னீலியஸ் என்ற பெயரின் சுருக்கம். இது பீருக்காகச் செய்ததே இல்லை. சோடா கம்பெனிகள் ஓட்டல்களுக்கு சிரப் அனுப்பிய ஸ்டீல் பாத்திரம். பிறகு அட்டைப்பெட்டிக்குள் பையில் அடைத்த சிரப்புக்கு அவர்கள் மாறியதும் பழைய கெக்குகள் குவியல் குவியலாக வெளியே வந்தன, வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெப்சி பக்கத்தில் இருந்து வந்தவை பால் லாக், கோக் பக்கத்தில் இருந்து வந்தவை பின் லாக். ஒன்றின் இணைப்பு மற்றதில் மாட்டாது, வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பால் லாக் எடுத்தேன். நான் வாங்கிய பழைய கெக்கில் அனோக்கா, மினசோட்டா என்று பொறித்திருந்தது. எங்கள் வீட்டில் இருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பிறந்த இடத்துப் பக்கமே வந்து சேர்ந்திருக்கிறது என்று அதைத் துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அதன் மூடியைப் பார்த்ததும் எனக்குக் கோலி சோடா ஞாபகம் வந்துவிட்டது. முட்டை வடிவ மூடி, வாயும் முட்டை வடிவம், அதனால் மூடியைச் சாய்த்து உள்ளே விட்டுத் திருப்பி மேலே இழுக்க முடிகிறது. உள்ளிருக்கும் வாயு அதை ரப்பர் வளையத்தோடு மேல்நோக்கி அழுத்திப் பிடிக்கிறது. கோலி எப்படி ரப்பர் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதோ அதே வித்தைதான். அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறக்கவே முடியாது. அழுத்தமே இல்லாவிட்டால் மூடி சரியாக உட்காராது, அதனால் முதலில் ஒரு தடவை 30 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிற அதே அழுத்த அளவு) கொடுத்து 'டப்' என்று உட்கார வைக்க வேண்டும்.

பழைய கெக் வாங்கினால் ரப்பர் வளையம் ஐந்தையும் மாற்றிவிடுங்கள்: மூடிக்கு ஒன்று, மேலே இருக்கும் இரண்டு வால்வுக்கும் ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்க்கும் ஒவ்வொன்று. எனக்கு வந்தது ரூட் பீர் இருந்த கெக்; பெயரில்தான் பீர், அது ஒரு சோடா. ரூட் பீர் வாசனை அமெரிக்கர்களுக்குச் சின்ன வயசு ஞாபகம், நம் மூக்குக்கு அது வலிக்குத் தடவுகிற தைலம். ஸ்டீலை எவ்வளவு தேய்த்தும் போகாத அந்த வாசனை, வளையங்களை மாற்றியதும் ஒரே நாளில் போய்விட்டது.

இரண்டு பழைய கெக், பீரில் வாயு ஏற்றவும் அதைக் குழாய் வழியாகத் தள்ளவும் 5 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய்கள், ஒருவர் விற்றுவிட்டுப் போன சின்ன ஃப்ரீசர், அதை 3 டிகிரியில் நிறுத்தி வைக்க ஒரு கன்ட்ரோலர், எல்லாம் சேர்த்து எனக்கு 400 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. பாட்டிலோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான்.

இனி சிக்கல்களுக்கு வருகிறேன். முதல் கெக்கை நிரப்பி, வாயுவைத் திறந்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை மனைவி பேஸ்மென்ட்டில் இருந்து மேலே வந்து, "என்னங்க, துணி போடப் போனேன், உங்க ஃப்ரீசர்ல இருந்து உஸ்ஸுனு சத்தம் வருது" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ரெகுலேட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. 5 பவுண்டு வாயுவும் ஒரே இரவில் காலி, அவள் கேட்டது கடைசி மூச்சு. சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் ஒரு வாஷர் இருக்க வேண்டும், அதைப் போடாமலே முறுக்கியிருக்கிறேன். ஊரில் சமையல் காஸ் மாற்றும்போது அம்மா சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். இப்போது ஒவ்வொரு இணைப்பிலும் அதையேதான் செய்கிறேன், ஒரு ஸ்ப்ரே பாட்டில் அங்கேயே தொங்குகிறது.

இதில் பணம் மட்டும் இல்லை. இரண்டேகால் கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வந்தால் 1,200 லிட்டர் வாயு. காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். எங்கள் பேஸ்மென்ட் பெரியது, கதவும் திறந்திருந்தது. சின்ன அறையில், ஆள் தூங்குகிற அறையில் சிலிண்டரை வைக்கவே வைக்காதீர்கள். நிமிர்த்தி வைத்து, விழாதபடி சுவரோடு கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அந்த முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பது திரவம்; ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கும்வரை அறை வெப்பத்தில் 800 பிஎஸ்ஐ பக்கமே காட்டும், திரவம் தீர்ந்ததும் சட்டென்று இறங்கிவிடும். எடை போடுவது ஒன்றே வழி. காலி எடை சிலிண்டர் தோளிலேயே பொறித்திருக்கும், நம் காஸ் சிலிண்டரில் எழுதியிருப்பது போல.

இரண்டாவது சிக்கல் நுரை. முதல் கிளாஸ் முழுக்க நுரை, இரண்டாவதும் நுரை, மூன்றாவதில் இரண்டு விரல் உயரத்துக்கு பீர். அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நன்றாக வந்தது, நாலு நாளில் பீர் சப்பென்று ஆகிவிட்டது. தவறு அழுத்தத்தில் இல்லை. 3 டிகிரியில் 12 பிஎஸ்ஐ என்றால் பீருக்குள் அதன் அளவைப்போல் இரண்டரை மடங்கு வாயு தங்கும், நமக்கு வேண்டியது அதுதான். அந்த 12 பிஎஸ்ஐ குழாயில் வரும்போதே உரசி உரசிக் குறைய வேண்டும். என் குழாய் நாலடி. உள்விட்டம் 3/16 அங்குலம் உள்ள குழாயைப் பத்தடிக்கு வாங்கிச் சுருட்டி ஃப்ரீசருக்குள்ளேயே வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. பீர் பிடிக்கும் டேப்பைப் பாதி திறந்தாலும் நுரைதான் வரும், திறந்தால் முழுசாகத் திறக்க வேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? அதே ஐபிஏவை மறுபடி செய்தேன். இந்தத் தடவை கெக்கை விளிம்புவரை கிருமிநாசினித் தண்ணீரால் நிரப்பி மூடி, அந்தத் தண்ணீரை வாயுவால் தள்ளி வெளியேற்றினேன். இப்போது உள்ளே காற்றே இல்லை, கார்பன் டை ஆக்சைடு மட்டும். அப்புறம் நொதித்த பீரை மூடியைத் திறக்காமலே குழாய் வழியாக அடியில் இருந்து ஏற்றினேன். 12 பிஎஸ்ஐயில் பன்னிரண்டு நாள் விட்டேன். முதல் நாள் என்ன நிறம் இருந்ததோ ஐந்தாவது வாரமும் அதே மஞ்சள். அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை அப்படியே இருந்தது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேஸ்மென்ட் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றே ஒன்று. அரை மணி நேர வேலை.

பாட்டிலை முழுசாக விடவில்லை. பெல்ஜிய டிரிப்பல் என்ற காட்டமான பீர் மாதிரி ஒரு வருடம் கிடந்து பழக வேண்டிய பீருக்கு பாட்டில்தான் சரி, ஈஸ்டோடு அது மெதுவாக மாறுவது கெக்கில் எனக்கு அமையவில்லை. அந்த இருபத்து நாலு அதற்குத்தான்.

இதைப் படித்துவிட்டு ஊரில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு வருடம் 200 கேலன், வரி இல்லை, விற்கக் கூடாது. அது நாற்பது கெக். நான் போன வருடம் செய்தது ஒன்பது.

நேற்று சிலிண்டரை எடை போட்டேன், முக்கால் பவுண்டுதான் மிச்சம். சனிக்கிழமை மாற்றி எடுத்துவர வேண்டும், வாஷரை மறக்காமல்.