செவ்வாய்க் கல்லில் ஒரு கனத்த கார்பன்

கார்பனுக்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணுவகைகள், இரண்டே உண்டு. ஏறத்தாழ 99 விழுக்காடு கார்பன்-12; எஞ்சியது கார்பன்-13. இவற்றின் விகிதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் இன்றைய கருவிகள் அளந்துவிடும். விண்கல் ஆய்வில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த அளவீடுதான்; ஆயினும் ஒரு கல் எந்தக் கோளில் பிறந்தது என்பதை இது தனித்து நின்று சொல்லிவிடும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை.

1984 டிசம்பரில் அண்டார்க்டிகாவின் ஆலன் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஏஎல்எச் 84001 என்னும் செவ்வாய் விண்கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் விரிசல்களில் படிந்துள்ள கார்பனேட்டுகள் என்னும் கார்பன் கலந்த கனிமங்களில் கார்பன்-13, பூமியின் கடல் சுண்ணாம்புக்கல்லில் உள்ளதைவிட ஆயிரத்துக்கு ஏறத்தாழ 40 பங்கு மிகுந்திருக்கிறது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்தபோது கிடைத்த மிகுதி ஏறத்தாழ 46. பொருத்தம் வியப்பூட்டுகிறது. ஆனால் 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லின் கார்பனேட்டுகளிலும் கார்பன்-13 வெகுவாக மிகுந்திருக்கிறது. அதுவோ ஒரு சிறுகோளின் துண்டு. ஐசோடோப்புகள் இரண்டே இருப்பதால், ஒரு விகிதம் பிறப்பிலேயே வந்ததா, பின்னர் நிகழ்ந்த வேதிமாற்றங்களால் வந்ததா என்று கார்பனை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. மூன்று நிலையான ஐசோடோப்புகளைக் கொண்ட ஆக்சிஜனில் இரு விகிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால், அதற்கு அந்தத் தடை பெரிதும் இல்லை. ஆகவே பிறப்பிடத்தை முடிவுசெய்வதில் அதற்கே முதலிடம். மேலும், இஇடிஏ 79001 என்னும் மற்றொரு கல்லின் கண்ணாடிப் பகுதியில் சிறைப்பட்டிருந்த வாயுக்கள், 1976இல் வைக்கிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றுடன் ஒத்துப்போனதும் வலுவான சான்றாயிற்று.

பூமியின் மாசு வேறொரு பெரும் சிக்கல். இதற்காகக் கல்லின் தூளை ஆக்சிஜனில் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் வெளிவரும் கார்பனைத் தனித்தனியே அளக்கிறார்கள். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்ட கரிமப் பொருள் பெரும்பாலும் குறைந்த வெப்பத்திலேயே எரிந்துவிடும், பாறைக்குழம்போடு உறைந்த கார்பன் மிக உயர்ந்த வெப்பத்தில்தான் வெளிவரும். ஏஎல்எச் 84001இன் கரிமப் பொருளில் கணிசமான பகுதி அண்டார்க்டிகாவில் சேர்ந்தது என்பதை, காலப்போக்கில் சிதைந்துபோகும் நிலையற்ற ஐசோடோப்பான கார்பன்-14 காட்டிக்கொடுத்தது.

பிறப்பிடம் உறுதியான பிறகே கார்பன் முழுமையாகப் பேசத் தொடங்குகிறது. அந்தக் கார்பனேட்டுகளின் வயது ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகள். அப்போதே கார்பன்-13இன் மிகுதி இன்றைய அளவை நெருங்கியிருந்தது என்றால், இலேசான கார்பன் விண்வெளிக்குத் தப்பிச் சென்ற பேரிழப்பின் பெரும்பகுதி செவ்வாயின் இளமையிலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும்.