ஒன்றரை ஷிப்ட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு ஆண்டுகள் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்டேன். அங்கே மாடிப்படிக்குப் பக்கத்தில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பெயிண்டில் எழுதிய அறை ஒன்று இருந்தது. உள்ளே ஒரு தொட்டில், ஒரு மரக்குதிரை, மற்றபடி கூரை வரை அட்டைப்பெட்டி. துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட், அதாவது கம்பெனியைச் சோதித்துப் பார்க்கும் நாள், என்றால் முந்தின இரவே பெட்டிகள் மொட்டை மாடிக்கு ஏறும், குதிரையைத் துடைத்து வைப்போம். ஆடிட் முடிந்ததும் பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்துவிடும். துடைத்தவர்களில் நானும் ஒருத்தி.

முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை பார்க்கும் இடத்திலெல்லாம் காப்பகம் வேண்டும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் செலவு முதலாளி தலையில். அதனால் ஆள் எடுக்கும்போது எங்கள் மேலாளரின் முதல் கேள்வியே “கைக்குழந்தை இருக்கிறதா?” என்பதுதான். “இருக்கிறது” என்றவர்களை “சொல்லி அனுப்புகிறோம்” என்று அனுப்பிவிடுவார். முப்பது பேரோடு நிறுத்திக்கொள்ளும் சின்ன யூனிட்டுக்கு அந்தக் கவலையும் இல்லை. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் எந்த வீட்டுக்காரரிடம் போய்க் காப்பகம் கேட்பாள்?

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை முதலாளியின் தயவில் விடாமல் அரசே எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1975இல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிகள் தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. முட்டையும் சோறும் போட்டுத் தூங்க வைக்கும் இடம். தாயின் சம்பளச் சீட்டை யாரும் கேட்பதில்லை. இடிப்பது கடிகாரம்தான். நான்கு மணிக்கெல்லாம் அங்கே பூட்டு. எங்களுக்கு ஒரு ஷிப்ட் என்பதே காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை ஆகிவிடும். அந்த வாரங்களில் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தியின் மூத்த மகள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். அவளுக்கு வயது பத்து. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

நேரத்தை நீட்டினால் அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் மதிப்பூதியம் போதாது, முறையான சம்பளம் தர வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோதும் இதையேதான் கேட்டார்கள்.

ஒரு மாலை அங்கன்வாடி ஆயா, அழைத்துப்போக யாரும் வராத ஒரு பையனை எங்கள் கேட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அவருக்கும் வீடு இருக்கிறது. உள்ளே விட அனுமதி இல்லை. வாட்ச்மேன் தாத்தா அவனைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, பார்வையாளர் நோட்டில் அவன் பெயரை எழுதிக்கொண்டார். வந்த நேரம் 4.10. ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் ‘அம்மா’. வெளியே போன நேரம் 8.35.