பெருக்கல் குறி போட்ட வீடு

ஜனவரி 3, 2024, புதன்

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். 10ஆம் தேதி காலையிலிருந்து 14ஆம் தேதி வரை தண்ணீர் இருக்காது. நாங்கள் இருப்பது மலேசியாவின் பினாங்குத் தீவில். அக்கரையில், பெருநிலத்துச் செபராங் பிறையில் இருக்கும் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுகிறார்கள். பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, தீவுக்குக் கடலடிக் குழாய் வழியாக. மாநிலம் முழுக்க சுமார் 5 லட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர்களுக்குப் பாதிப்பாம். தீவிலும் ஒரு சுங்கை டுவா இருப்பதால், "பக்கத்துலதான லா, சீக்கிரம் முடிச்சிடுவாங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்டுக்கு ஆறு பேர் நின்றோம். ஆறு பேரும் படித்தோம், "ஐயோ, நாலு நாளா" என்றோம், ஏறினோம். என் மாடி ஆறு. கதவு திறந்தபோதுதான் எட்டாவது மாடிப் பாட்டி நினைவு வந்தது. தனியாக இருப்பவர். மலாய் படிக்கத் தெரியாது. மகன் ஜொகூரில். இறங்காமல் எட்டை அழுத்தினேன்.

பாட்டிக்கு விஷயமே தெரியவில்லை. வீட்டில் இருந்தது இரண்டு வாளி.

இந்த நாட்குறிப்பை ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் தொழிற்சாலையில் லைன் லீடர், அதாவது ஒரு உற்பத்தி வரிசைக்குத் தலைவர், வேலைக்கு மனு போட்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எனக்கு இது 17ஆவது வருஷம். கிடைக்கவில்லை. தலைமைத்துவ அனுபவம் போதாது என்றார்கள். அன்று இரவு முழுக்க ஒரே யோசனை: லீடர் ஆகாமல் அந்த அனுபவத்தை எங்கே போய் வாங்குவது? கண்ணில் படுவதை எல்லாம் எழுதி வைப்போம் என்று இதைத் தொடங்கினேன். இன்று பட்டது இதுதான்.

ஜனவரி 5, வெள்ளி

ஒரு கட்டுரை நோட்டை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். எங்கள் புளோக்கில் பத்து மாடி, மாடிக்கு எட்டு வீடு. நேற்று மாலையும் இன்று மாலையும் சேர்த்து 73 கதவுகள் திறந்தன.

தமிழில், மலாயில், ஹொக்கியன் சீனத்தில், எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "நீங்க கமிட்டியா?" முதல் நாலைந்து வீடுகளில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன சொல்வது? அப்புறம் "ஆறாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு" என்று மட்டும் சொல்லத் தொடங்கினேன். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். முதலில் "உங்களுக்கு உதவி வேணுமா?" என்று கேட்டேன். அத்தனை பேரும் வேண்டாம் என்றார்கள். முழங்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மலாய்ப் பெரியம்மா, எங்கள் மக்சிக் கூட. உதவி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? கேள்வியை மாற்றினேன். "வீட்டுல எத்தனை பேர்? எத்தனை வாளி இருக்கு?" இதற்குப் பதில் தானாக வந்தது. வாளிக் கணக்கு கேட்கப் போய், நாலாவது மாடி அங்கிள் வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறார் என்று தெரிந்தது. ஒரு தடவை ரத்தத்தைச் சுத்திகரிக்கவே 120 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அவருடைய மையத்தில் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று அவரும் கேட்டிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து போன் போட்டோம். லாரியில் வருகிறதாம், நேரம் மாறாதாம். அவர் மனைவி எனக்கு ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார்.

திறக்காத ஏழு வீடுகளுக்கு நேரே பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

ஜனவரி 7, ஞாயிறு

கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கூட்டம். முப்பது பேர் இருக்கும். நிர்வாகத்திலிருந்து வந்தவர் அந்தத் தாளையே மறுபடி படித்தார். பிறகு ஆளாளுக்குக் கோபம். பத்து வருஷத்துக் குறைகள் எல்லாம் வந்தன.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் நிறைந்திருந்தால் எத்தனை நாளைக்கு வரும்?

யாருக்கும் தெரியவில்லை. பின்னால் தூணில் சாய்ந்தபடி பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெரியவர், எங்கள் பாக்சிக், நின்றார். பதினொரு வருஷமாக அந்த அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. அவர் வாயைத் திறந்து மூடியதைப் பார்த்தேன். "பாக்சிக், முன்னால வந்து சொல்லுங்க" என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். மக்சிக் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

சுண்ணாம்புக் கட்டியால் தரையில் படம் போட்டுக் காட்டினார். குழாயிலிருந்து கீழ்த்தொட்டி. அங்கிருந்து பம்ப் ஏற்றி மொட்டை மாடித் தொட்டி. அங்கிருந்து வீடுகளுக்கு. எல்லாரும் வழக்கம்போலத் திறந்தால் ஒரே நாளில் காலி. மேல்வால்வை மூடிவைத்து, காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் திறந்தால் மூன்று நாள் ஓடும். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: கீழ்த்தொட்டி வற்றிய பிறகு பம்பை ஓடவிடக் கூடாது. ஓடினால் எரிந்துவிடும், 14ஆம் தேதி ஊருக்கெல்லாம் தண்ணீர் வந்தாலும் நம் புளோக்கில் மேலே ஏறாது.

கூட்டம் அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு முழுக்க எந்த நேரம் என்பதைப் பற்றித்தான். விடியற்காலைச் சுபுஹ் தொழுகைக்கு வேண்டும் என்றார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் அதே நேரம்தான் வேண்டும். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று முடிவானது. பதினொரு வருஷத்தில் அந்த மனிதரிடம் இதை யாரும் கேட்டதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். என் லைனிலும் இப்படி யாராவது தூணில் சாய்ந்து நிற்கிறார்களா என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்று மாடிகளில் தனியாக இருப்பவர்களுக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். இரவு தைலம் தேய்த்துவிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "நாளைக்கு நீ படுத்துட்டா, யாருகிட்ட போய்க் கேப்பாங்க? நோட்டு உன்கிட்ட மட்டும்தான இருக்கு?"

உண்மை. பத்து மணிக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். மாடிக்கு ஒருவர் என்று ஆள் பிடித்து அனுப்பினேன். ஒன்பது மாடிகளுக்குக் கிடைத்தார்கள். எட்டாவது மாடிக்கு மட்டும் யாரும் முன்வரவில்லை. பாட்டியிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டேன்.

"நான் பாத்துக்கறேம்மா," என்றார் பாட்டி. "என்னால தூக்க முடியாது. ஆனா எந்த வீட்டுல யாரு, எத்தனை மணிக்கு வருவாங்க, எத்தனை மணிக்குத் தூங்குவாங்க, எனக்குத் தெரியும். கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நாள் முழுக்க உக்காந்திருக்கேனே."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'உதவி தேவை, 6 வாளி' என்றுதான் இருந்தது. பேரிடர் முகாம்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள், நாலு நாளைக்கு 60 லிட்டர், பத்து லிட்டர் வாளியில் ஆறு. அவர் பெயருக்குக் கீழே 'எட்டாவது மாடிப் பொறுப்பு' என்று எழுதினேன். எழுதுவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தார்.

ஜனவரி 11, வியாழன்

நேற்று சமாளித்தாயிற்று. இன்று லாரி வந்தபோது தள்ளுமுள்ளு. நாற்பது பேர் வெயிலில். ஒருவர் இடுப்புயர நீலப் பீப்பாயை உருட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

ஐந்தாவது மாடித் தம்பி, இடைநிலைப் பள்ளியில் படிவம் 4 படிப்பவன், ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, இந்த வரிசையை நீ பாத்துக்கிறியா?" என்றேன். "நானா அக்கா?" என்று காது சிவந்துவிட்டது. ஆனால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே ஓடிப்போய் மார்க்கர் பேனா எடுத்து வந்தான். ஒவ்வொரு வாளியிலும் வீட்டு எண்ணை எழுதினான். வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு ஆட்களை நிழலுக்குப் போகச் சொன்னான். எனக்குத் தோன்றவே இல்லை அது. வரிசையில் ஆள் எதற்கு, வாளி போதுமே!

பீப்பாய்க்காரர் குரலை உயர்த்தினார். என் கால் தானாக முன்னே போனது, நிறுத்திக்கொண்டேன். அவன் குரல் நடுங்கத்தான் செய்தது. "அங்கிள், முதல்ல எல்லாருக்கும் ரெண்டு வாளி. மிச்சம் இருந்தா உங்க பீப்பாய்." அவர் முறைத்தார். அவன் அடுத்த வாளியை நகர்த்தினான். கடைசியில் பீப்பாயில் கால்வாசி நிறைந்தது.

நான் போயிருந்தால் ஒருவேளை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அப்புறம் நாளைக்கும் நான்தான் போக வேண்டியிருந்திருக்கும்.

ஜனவரி 12, வெள்ளி

இதை எழுதாமல் விட மாட்டேன்.

காலை ஷிப்டுக்கு இறங்கும்போது மாடிப்படியில் ஒரு நேப்பாளத் தம்பியைப் பார்த்தேன். பாதுகாவலர் சீருடை. இரண்டு பைகள் நிறைய மினரல் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் குழாய்த் தண்ணீர். வேலை செய்யும் இடத்திலிருந்து பிடித்து வருகிறானாம். இரண்டு நாளாக. லாரி வந்தது தெரியாது. காலை ஆறு மணிக்குக் குழாய் திறப்பதும் தெரியாது. அந்த நேரத்தில் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். தாளில் எழுதியிருந்தது அவர்களுக்குப் புரியவில்லை.

இரண்டாவது மாடி, மூலை வீடு. என் நோட்டில் பெருக்கல் குறி.

நான் தட்டியது இரண்டு மாலையும் ஏழரை மணிக்கு. அவர்கள் வீட்டில் இல்லாத நேரம். ஆள் இல்லை என்று குறித்துவிட்டு, அந்த வீட்டையே மனதிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை போயிருக்கலாம். கதவிடுக்கில் ஒரு துண்டுத் தாளாவது செருகியிருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள், வந்து போகிறவர்கள் என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வாளி கொண்டுபோய் வைத்தேன். ஐந்தாவது மாடித் தம்பி இன்று லாரியில் அந்த வீட்டுக்கென்று இரண்டு வாளி நிரப்பி வாசலில் வைத்து, மேலே பிளாஸ்டிக் போட்டு மூடியிருக்கிறான்.

ஜனவரி 14, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். பாக்சிக் எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேநீர் நிறம். கொட்டினார். மறுபடி பிடித்தார். ஐந்தாவது குவளை தெளிந்தது. அதற்குப் பிறகுதான் பம்பைப் போட்டார். பம்ப் உறுமியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, எட்டு மணிக்கு மேல்தான் வீட்டுக் குழாயில் வரும், அவசரப்படாதீர்கள் என்றார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். புதுத் தண்ணீர், புதுப்பானை. எட்டாவது மாடியில் பாட்டி வாசலில்தான் வைத்தோம், எல்லா மாடியிலிருந்தும் பார்க்க வசதி என்று. மக்சிக் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். மதியம் ஷிப்டுக்கு ஓடினேன்.

ஜனவரி 18, வியாழன்

எங்கள் குடியிருப்பை நிர்வகிக்கும் கூட்டு அமைப்பான ஜேஎம்பியின் ஆண்டுக் கூட்டம் மார்ச்சில். சட்டப்படி கமிட்டியில் 3 முதல் 14 பேர் வரை இருக்கலாம். எங்களுக்கு இருப்பது ஐந்து பேர், அதிலும் இரண்டு பேர் கூட்டத்துக்கே வருவதில்லை. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் ஓட்டுப் போட முடியாது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு மாதப் பாக்கி. இன்று மதியம் போய்க் கட்டிவிட்டேன். நாலாவது மாடி அங்கிளிடமும் சொன்னேன். பழைய பள்ளிக்கூடக் கணக்காளர் அவர், பொருளாளருக்கு அவரைவிடப் பொருத்தமானவர் புளோக்கிலேயே இல்லை.

லைனில் ஒரு சின்ன விஷயம். இரவு ஷிப்டுக்காரர்கள் இயந்திரத்தில் பார்த்த கோளாறை நாங்கள் தெரிந்துகொள்வதே இல்லை. ஒரு தாள் ஒட்டி, இரண்டு வரி எழுதிவிட்டுப் போகச் சொன்னேன். மூன்று நாளாக எழுதுகிறார்கள். சூப்பர்வைசர் யார் ஒட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். படித்துப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஜனவரி 20, சனி

வியாழக்கிழமை தைப்பூசம். தண்ணீர் மலை முருகன் கோவிலுக்கு யார் யார் நடக்கப் போகிறோம் என்று கேட்க மாடி மாடியாகப் போனேன், அதே நோட்டோடு.

பாட்டி சொன்ன யோசனைப்படி ஒவ்வொரு வீட்டுக்கு நேரேயும் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: வீட்டில் இருக்கும் நேரம். ஏழு பெருக்கல் குறிகளில் ஐந்தை அழித்தாயிற்று. ஒன்று பூட்டிய வீடு, விற்பனைக்கு இருக்கிறது.

காலை எட்டரைக்கு இரண்டாவது மாடி மூலை வீட்டைத் தட்டினேன். அதே தம்பி திறந்தான். சீருடை இன்னும் கழற்றவில்லை. என் நாலு வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். உள்ளே இன்னொருவன் சோறு வடித்துக்கொண்டிருந்தான். பேனாவை அவனிடமே கொடுத்தேன். நின்றபடி, சுவரில் நோட்டை வைத்து எழுதினான்.

2-8. ஆறு பேர். காலை 8 முதல் மதியம் 4 வரை. பலமாகத் தட்டவும்.