கப்பல் பட்டியலில் அடுத்த எண்

என் ஆயாவின் பெரியப்பா தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போனவர். கிணற்றுப் பங்கில் அண்ணன் தம்பிக்குள் தகராறு, கோபித்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார், இரண்டு கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆயா எத்தனை முறை சொன்னாலும் இதில் ஒரு சொல் கூடாது, குறையாது. எங்கள் ஊர் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் அவரைத் தேட உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர்கள் பழைய சென்சஸில் கொள்ளுப்பாட்டனின் பெயரைக் கண்டுபிடிப்பதைப் பார்த்து நானும் முதலில் அங்கேதான் போனேன். 1901 சென்சஸ் தொகுதிகளில் தாலுகாவுக்கு எத்தனை வீடு, எத்தனை பேர், எந்தெந்தச் சாதி என்று தொகை தொகையாக இருக்கிறது. குடும்பங்களின் பெயர்கள் இல்லை. இரண்டு வாரம் வீண்.

ஆள் அகப்படுவது கப்பல் பட்டியலில்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நட்டாலின் துறைமுகமான டர்பனில் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அதற்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, அதற்குள் அடங்கிய வட்டாரமான தாணா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். நம் ஊரில் அந்தக் காலத்துக் கூலிக்காரர் ஒருவரைப் பற்றி இவ்வளவு விவரம் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. பதிவேடுகள் டர்பனில் இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்தெழுதிய அட்டவணைகள் கணினியில் கிடைக்கின்றன.

பெயரை வைத்துத் தேடினேன். அதுதான் தவறு. முனி என்று தொடங்கும் பெயர் அவருக்கு. அந்தக் காலத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு அந்தப் பெயர். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். மூனியன், மூனீன், மொன்னியன் என்று ஒரே பெயர் பத்து வேடம் போடுகிறது. தகப்பன் பெயரும் வட ஆற்காடு ஜில்லாவும் பொருந்திய ஒருவர் கிடைத்ததும் நான் துள்ளினேன். என் சித்தப்பா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, சொந்தங்கள் அத்தனை பேரும் கும்பிடு போட்டாயிற்று. பிறகுதான் தாணாவைப் பார்த்தேன்: சித்தூர். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. ஜில்லா பொருந்தியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சாதிக் கட்டத்தில் 'ஜென்டூ' என்று வேறு இருந்தது. தெலுங்கரை அப்படித்தான் எழுதுவார்கள். குழுவில் மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை.

அடுத்த முறை பெயரை ஒதுக்கிவிட்டு, அட்டவணையைத் தாணா வாரியாக அடுக்கினேன். குடியாத்தம் என்பதற்கே எத்தனை எழுத்துக்கூட்டல்! அவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு கிராமக் கட்டத்தை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தேன். எங்கள் பக்கம் 'பள்ளி' என்று முடியும் ஊர்கள் ஏராளம். பட்டியலில் அது பாலி, புல்லி, பில்லி என்று சிதைந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். மூன்றாம் நாள் ராத்திரி, உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர் என் வாயிலிருந்தே வந்து விழுந்தது. 'உம்லாசி' கப்பல். வயது 24. தகப்பன் பெயர் சரி. இடது கெண்டைக்காலில் தழும்பு.

பழக்கத்தில் அடுத்த வரிக்கும் கண் போனது. அடுத்த காலனி எண்ணில் ஒரு பெண். வயது 20, அதே தாணா, அதே கிராமம். குறிப்பில் 'மனைவி'. சாதிக் கட்டத்தில் வேறு சாதி.

வீட்டில் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி யாரும் சொன்னதில்லை. குமாஸ்தா பிழை என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை சூடு பட்டவன் அல்லவா, குழுவில் மூச்சு விடவில்லை.

மேற்கொண்டு தேட நட்டாலின் சொத்துக் கோப்புகள் உதவின. இறந்தவரின் பெற்றோர், துணை, பிள்ளைகள் பெயரையெல்லாம் மரண அறிவிப்புப் படிவத்தில் நிரப்பியிருப்பார்கள். இங்கே ஒரு முடிச்சு: அங்கே போனவரின் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிடும். ஆகவே அவரைத் தேடுவதைவிட அவர் பெயரைப் பின்னால் சுமப்பவர்களைத் தேடுவது எளிது. அப்படித்தான் படிவம் கிடைத்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் 'மெட்ராஸ்'. ஏழு பிள்ளைகள். மனைவியின் பெயர், அந்த அடுத்த எண்ணுக்குரிய பெண்ணின் பெயர்.

கடிதம் நின்றதற்கு நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். அது முடிந்து ஊருக்குத் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் அங்கேயே தங்கினால், 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. 1914 வரை அது நீடித்தது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஆறு பவுன் கட்ட வேண்டியவர் தபாலுக்கு எங்கே போவார் என்று நினைத்திருந்தேன்.

ஆயா இப்போது இல்லை. அவருடைய தங்கை, எங்கள் சின்ன ஆயா, இருக்கிறார். படிவத்தின் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் ஏழு பேர் என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைப் படித்ததும் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"கிணறு கிணறு என்றுதானே உங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்," என்றார். பிறகு, "ஏழு பிள்ளையா?" என்று கேட்டார்.