விளிம்பில்லாத எரிகற்கள்: எதைக் கவனிக்க வேண்டும்?

எரிகல் என்றதும் ஊசியால் கீறியது போன்ற மெல்லிய கோடுதான் நினைவுக்கு வரும். அபூர்வமாக, நிலவின் அகலத்துக்கு, விளிம்பே இல்லாத ஒரு வெளிச்சத் திட்டு அதே வேகத்தில் பாய்ந்து மறைவதும் உண்டு. பார்த்தவர்கள் பெரும்பாலும் கண் மயக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது.

சின்னக் கணக்கு ஒன்று போதும். எரிகற்கள் பொதுவாக 80 முதல் 120 கி.மீ. உயரத்தில் ஒளிர்கின்றன. 100 கி.மீ. தொலைவில் அரை டிகிரி, அதாவது நிலவின் அகலம், கிட்டத்தட்ட 900 மீட்டர். மணல் பருமனுள்ள துகள் அவ்வளவு அகலத்துக்கு எப்படி ஒளி தரும்?

துகள் உடைவதைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். ஆனால் உடைந்த சிறு துணுக்குகள் காற்றில் சீக்கிரம் வேகம் குறைந்து பின்தங்கும். அதனால் ஒளி நீளுமே தவிர அவ்வளவாக அகலாது. ஒரு நொடிக்குள் பக்கவாட்டில் 400 மீட்டர் விலகுவது லேசில்லை. என் பார்வையில் உயரம்தான் வலுவான தடயம். 1998 லியோனிட் எரிகல் பொழிவைச் சீனாவிலிருந்து பதிவு செய்தபோது, சில பிரகாசமான எரிகற்கள் ஏறத்தாழ 200 கி.மீ. உயரத்திலேயே ஒளிரத் தொடங்கின. 130 கி.மீ.க்கு மேலே அவை பல கி.மீ. அகலத்துக்குப் பரவி, கீழே வந்ததும் வழக்கமான கூர்வடிவம் பெற்றன. காற்று மூலக்கூறுகள் மோதிக் கல்லிலிருந்து அணுக்களைத் தெறிக்கவிடுவதே இதற்கு முன்வைக்கப்படும் விளக்கம். 100 கி.மீ. உயரத்தில் மூலக்கூறு ஒன்று மோதலின்றிப் போகும் தூரம் 10–15 செ.மீ. மட்டுமே, 200 கி.மீ. உயரத்தில் 200 மீட்டரைத் தாண்டும். தெறித்த அணுக்கள் அங்கே தடையில்லாமல் விரியும்.

ஆகவே பாதையில் எங்கே மங்கல், எங்கே கூர்மை என்று தனித்தனியாகக் குறியுங்கள். அகலத்தை டிகிரியில் எழுதுங்கள்: நீட்டிய கையின் சுண்டுவிரல் சுமார் 1 டிகிரி. நேரம் நொடிவரை வேண்டும்.

அதே கணத்தில் பக்கத்து நட்சத்திரங்களையும் பாருங்கள். அவையும் மங்கியிருந்தால் மெல்லிய மேகம், அல்லது கண்ணாடியில் படிந்த ஈரம். ஊர் வெளிச்சம் பட்ட பறவையும் ஏமாற்றும். ஆனால் அது சில நொடிகள் நீடிக்கும், பாதை வளையும்.

கேமராவில் வீடியோவே மேல். பத்து நொடி எக்ஸ்போஷரில் எரிகல் விட்டுச்சென்ற ஒளித்தடமும் சேர்ந்து பதிந்து, அகலத்தைப் பொய்யாகக் கூட்டிவிடும். லைவ் வியூவில் (கேமராத் திரையின் நேரடிக் காட்சி) பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். குளிரக் குளிர ஃபோகஸ் நகரும், மணிக்கொருமுறை சரிபாருங்கள். 50–100 கி.மீ. தள்ளி இன்னொருவர் அதே வான்பகுதியைப் பதிவு செய்தால் உயரத்தையே கணக்கிடலாம்.