மனுவும் கேள்வியும்

சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன வேலை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். காரைக்குடிப் பக்கத்துத் தொகுதி ஒன்றின் உறுப்பினரிடம், அவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் உதவியாளராக இருந்தேன். மனுக்களை வாங்கித் துறைவாரியாகப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவேன். கடிதம் தட்டச்சு செய்து, அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒன்று உறுதியாகப்பட்டது. மனு வாங்குவதோடு நின்றுவிடும் உறுப்பினர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாதி வேலைதான் பார்க்கிறார். மீதி வேலை சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையில், கேள்வி நேரத்தில் இருக்கிறது.

காலையில் திண்ணை நிறைந்துவிடும். பட்டா மாறுதல், கல்லூரியில் இடம், பஸ் நிற்காமல் போகும் விலக்கு, எரியாத தெருவிளக்கு என்று எல்லாமும் வரும். அதிகம் வந்தது முதியோர் உதவித்தொகை. புதுவயல் பக்கமிருந்து வந்த ஒரு மூதாட்டியை நன்றாக நினைவிருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தை மஞ்சள் பைக்குள் வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து நான்காக மடித்து வைத்திருந்தார். “மகன் மலேசியாவில் இருக்கிறானாம், அதனால் எனக்குப் பணம் கிடையாதாம். போனவன் போனவன்தான் தம்பி. சோற்றுக்கு நான் யாரிடம் போய் நிற்பது?” என்றார்.

“அப்பத்தா, இதில் உத்தரவு போடுகிறவர் தாசில்தார். நான் எழுதிக் கேட்கிறேன். மறுபடி விசாரணைக்கு வந்தால் அக்கம்பக்கத்தாரைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்” என்றார் எங்கள் உறுப்பினர். பொய்யான நம்பிக்கை கொடுக்கமாட்டார். உதவித்தொகையை அனுமதிப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர். சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். திண்ணையில் காத்திருந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் நம்பமாட்டார்கள்.

அன்று மாலை பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த மனுக்களில் அதே காரணம் திரும்பத் திரும்ப இருந்தது: பிள்ளை வெளிநாட்டில். செட்டிநாட்டில் இது புதிய செய்தியா? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆள் அனுப்பிப் பழகிய மண் இது. செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்யப் போனார்கள். அவர்களோடு கணக்கெழுதவும் சமைக்கவும் மற்றவர்கள் போனார்கள். போனவர்கள் எல்லாரும் பணம் அனுப்பினார்கள் என்று யார் சொன்னது? பெயரளவுக்கு மகன் இருக்கிறான் என்பதை ஆதரவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது எங்கள் பகுதியில் பெரிய அநீதி. அதைத்தான் அவர் சட்டமன்றக் கேள்வியாக எழுதினார். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோருக்கு மறுவிசாரணை நடத்தி உதவித்தொகை வழங்க அரசு ஆவன செய்யுமா என்று கேட்டிருந்தார்.

அமைச்சரின் பதில் இரண்டு வரி. பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார். திண்ணையில் சிலர், “இதற்குத்தானா சென்னை வரை போனீர்கள்?” என்று கேட்டார்கள். அலுவலகத்துக்குள் இருந்த எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்த இரண்டு வரியை எழுதுவதற்குத் துறை கீழ்வரை விவரம் கேட்கிறது. எத்தனை மனு வந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது, என்ன காரணம் என்று பட்டியல் கொடுக்கவேண்டும். பட்டியலுக்காகக் கட்டு அவிழ்க்கப்பட்டபோது, எங்கள் கடிதங்களால் அசையாத கோப்புகள் மேசைக்கு வந்தன. புதுவயல் அப்பத்தாவின் மனுவும் வந்தது. மறுவிசாரணை நடந்து பணமும் வரத் தொடங்கியது. கேள்வியின் பலன் பெரும்பாலும் பதிலில் இருப்பதில்லை, பதில் தயாரிக்கும் வேலையில் இருக்கிறது என்பதை அந்த ஒரு கேள்வியில்தான் புரிந்துகொண்டேன்.

இந்தக் கலையில் கைதேர்ந்தவர் பிறந்த ஊர் எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் திருமயத்தில் பிறந்தவர். மாகாணச் சட்ட சபையிலும் பிறகு மத்திய சட்டசபையிலும் அவர் எழுப்பிய கேள்விகள் வெள்ளைக்கார அதிகாரிகளைத் திணறவைத்தன. திருமயம் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள், பெருமாளைச் சேவிக்கிறார்கள். இவரையும் ஒரு நிமிடம் நினைக்கலாம். காரைக்குடிக்கும் அப்படியொருவர் உண்டு. 1962 தேர்தலில் சுதந்திராக் கட்சி சார்பில் வென்ற சா. கணேசனை ஊர் இன்று கம்பன் அடிப்பொடியாகத்தான் கொண்டாடுகிறது. அவர் தொடங்கிய கம்பன் கழகத்தின் பெருமை பெரியதுதான். ஆனாலும் அவரைச் சட்டமன்ற உறுப்பினராகவும் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பது என் ஆசை.

கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு ஆகியவற்றைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியதில்லை. போகாவிட்டால் ஓட்டு போய்விடும்; போனால் நாள் போய்விடும்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் இருந்த கடைசிக் காலத்தில் அது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் உறுப்பினர் கைக்கு வருவதே இல்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார், அதன்பிறகு மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி. நிழற்குடையும் வளைவும் கட்டினால் பெயர் பளிச்சென்று தெரியும். எங்கள் உறுப்பினரோ ஓர் ஊருணியைப் பிடித்துக்கொண்டார். ஆறு இல்லாத செம்மண் பூமியில் ஊர் அமைத்தவர்கள், தெருவில் விழும் மழைநீர் ஊருணிக்கு ஓடிச் சேருமாறு வாட்டம் பார்த்து அமைத்தார்கள். அந்த ஊருணிக்குப் படித்துறை உடைந்திருந்தது, தண்ணீரும் இல்லை. கரையைக் கட்டிக் கொடுங்கள் என்றுதான் ஊரார் மனு கொடுத்தார்கள்.

அவர் முதலில் கிராம நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டார். நில அளவையர் சங்கிலி பிடித்து அளந்தபோது, வரைபடத்தில் இருந்த வரத்துக்கால், அதாவது ஊருணிக்கு மழைநீர் வரும் வாய்க்கால், தரையில் இல்லை. ஓரிடத்தில் மாட்டுக்கொட்டகை, அதற்கப்பால் ஒரு சுற்றுச்சுவர், அதையும் தாண்டிக் குப்பைமேடு. கரை கட்டினால் மூன்று மாதத்தில் திறப்புவிழா நடத்தியிருக்கலாம். வரத்துக்காலை மீட்கப் போனால் ஊரில் பாதிப் பேருக்குப் பகை. சொந்தக் கட்சிக்காரர்களே “வேண்டாம் அண்ணே” என்று தடுத்தார்கள். “தண்ணீர் வராத ஊருணிக்குப் படித்துறை எதற்கு?” என்று கேட்டுவிட்டு, வரத்துக்காலைத் தூர்வாருவதை முதல் பணியாகவும் படித்துறையை இரண்டாவதாகவும் போட்டுப் பரிந்துரைக் கடிதம் எழுதச் சொன்னார்.

கொட்டகைக்காரர் பேசியதும் ஒதுங்கிக்கொண்டார். குப்பைமேட்டை ஊராட்சி அகற்றியது. சுற்றுச்சுவர்க்காரர் நீதிமன்றம் போனார். அந்த இடத்தில் மட்டும் சுவரை ஒட்டிக் குழாய் பதித்துத் தண்ணீரைத் திருப்பினார்கள். அடுத்த ஐப்பசி மழையில் ஊருணியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. படித்துறை வேலை முடிவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. கல்வெட்டில் அவருக்குப் பின் வந்தவரின் பெயர் இருக்கிறது. சுவர் வழக்கு இன்னும் நடக்கிறது.