வால்பாறையில் ரெண்டு ராத்திரி

அரையாண்டு லீவுக்கு இந்தத் தடவை அமுச்சியையும் (அம்மாவோட அம்மா) கூட்டிக்கிட்டு வால்பாறை போயிட்டு வந்தோம்ங்க. தேயிலைக் காட்டுக்கு நடுவுல ஒரு பழைய ஓட்டு வீடு.

ஆழியாறு தாண்டுனா 40 கொண்டை ஊசி வளைவு. சின்னவன் எண்ணிக்கிட்டே வந்தான், 13-ல வாந்தி எடுத்ததோட கணக்கை விட்டுட்டான். 9-வது வளைவுல வண்டிய நிறுத்துனப்ப பாறை மேல ரெண்டு வரையாடு. எங்களச் சட்டையே பண்ணல.

வீட்டுல ஹீட்டர் ஓடல. வாடகைய மட்டும் முன்கூட்டியே முழுசா வாங்கிக்கிட்டாங்க (வயித்தெரிச்சல், சொல்லாம இருக்க முடியல). அப்புறம் விறகடுப்புதான். சுடுதண்ணி காயுற வரைக்கும் மொத்தக் குடும்பமும் அதச் சுத்தியே உக்காந்திருந்தோம்.

அமுச்சி கொண்டாந்த தேங்காண்ணெய் டப்பா கல்லாட்டம் உறைஞ்சு கெடந்துச்சு. 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறையும், அங்க காத்தால பல்லே கிட்டிப்போற குளிரு. அடுப்போரம் வெச்சு, ஓரம் மட்டும் கண்ணாடியா உருகுனதும் விரலால வழிச்சு எம்பொண்ணு உச்சந்தலைல வெச்சுத் தேச்சாங்க. "அசையாம இரு கண்ணு, சூடு எறங்கட்டும்." அவ அப்படியே மடில தூங்கிட்டா.

ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு, மேல நெய். போன்ல சிக்னல் இல்ல. ஆபீஸ்ல தேடியிருப்பாங்க, தேடட்டும்.

கெளம்புற அன்னிக்கு புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரமா சோலைமந்திக் (சிங்கவால் குரங்கு) கூட்டம். பிடரி மயிரப் பாத்துட்டு அமுச்சி, "உங்க அப்புச்சி மீசையாட்டவே இருக்குது"ன்னாங்க.

பொங்கலுக்கு மறுக்கா போலாமாம். சந்தகை (இடியாப்பம் மாதிரி) பிழியுற உரலையும் வண்டில ஏத்தணுமாம்.